கூச்சம் தடுத்த கேள்வி

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்னும் செய்தி வீட்டுக்கு வரும்போது மகிழ்ச்சி முந்திக்கொள்கிறது. கவலை சற்றுப் பிந்தி வருகிறது. விண்ணப்பித்த நாள்வரை பல்கலைக்கழகமே மாணவரை அளந்து பார்த்தது. இடம் தந்த பிறகு நிலை மாறிவிடுகிறது. ஏற்பதா, மறுப்பதா என்று முடிவு செய்யும் உரிமை இப்போது மாணவரிடம் வந்து சேர்கிறது. அந்தச் சில வாரங்களில், இடம் பெற்றவர்களை அழைத்து வளாகத்தைச் சுற்றிக் காட்டுவது பல பல்கலைக்கழகங்களின் வழக்கம். அளக்கப்பட்டவர் அளந்து பார்க்க வாய்த்த நாள் அது. அந்நாளை வேடிக்கை பார்த்தே கழித்துவிட்டு, இலவசப் பையும் பேனாவுமாகத் திரும்புவோர் எத்தனை பேர்!

ஈசூன் வட்டாரத்தில் வாழும் ஒரு டாக்சி ஓட்டுநரின் மகளுக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று கெண்ட் ரிட்ஜில் உள்ள சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம். மற்றொன்று ஜூரோங் பக்கம் உள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். இரண்டிலும் பொறியியலே. முதலில் நன்யாங்கைப் பார்ப்பதென்று முடிவாயிற்று. அச்சனிக்கிழமை காலையில் தந்தை தம் டாக்சியிலேயே அழைத்துச் செல்ல முனைந்தார். மகள் மறுத்தாள்.

“நாலு வருசம் நான் போகப்போற வழியிலேயே போய்ப் பார்ப்போம், அப்பா.”

ஈசூனிலிருந்து ரயிலேறி, ஜூரோங் ஈஸ்ட்டில் மாறி, பயனியர் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்தைப் பிடித்தார்கள். போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கையேட்டில் இல்லாத முதற்பாடத்தை அப்பயணமே கற்றுக் கொடுத்தது.

வளாகத்தில் வரவேற்புரைகள் நடந்தன, படக்காட்சிகளும் நடந்தன. மகள் அவற்றைக் கேட்டுவிட்டு உணவகத்துக்குச் சென்றாள். அங்கே தனியே அமர்ந்திருந்த இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம், முன்னிரவில் எழுதி வைத்திருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒரு பயிற்சி வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள்? முதலாண்டில் எதைக் கண்டு திணறினீர்கள்? பிரிவு மாற விரும்பினால் வழியுண்டா? வேலைப் பயிற்சி எந்த ஆண்டில் வருகிறது, இடத்தைத் தேடித் தருபவர் யார்? விடுதியில் எத்தனை ஆண்டு தங்கலாம்? மேடையில் பேசுவோர் பல்கலைக்கழகத்தின் பெருமையைச் சொல்வார்கள். அது அவர்கள் கடமை. அன்றாட வாழ்வைச் சொல்லக்கூடியவர் அங்கே படிப்பவரே. தமிழ் மாணவர் மன்றம் பற்றியும் அவள் கேட்கத் தவறவில்லை. இரு பல்கலைக்கழகங்களிலும் அத்தகைய மன்றம் உண்டு என்று அறிந்தபோது அவளுக்கு ஒரு தெம்பு பிறந்தது.

ஆனால் அவள் பட்டியலில் ஒரு கேள்வி மட்டும் எழுதப்படவில்லை. அது பணத்தைப் பற்றியது. வீட்டில் அப்பேச்சு எழும்போதெல்லாம் தந்தை, “சேமநிதியில இருக்கும்மா, நீ படிப்பை மட்டும் பாரு” என்று முடித்துவிடுவார். மகளும் மேற்கொண்டு கேட்கக் கூசினாள்.

பிற்பகலில் வழிகாட்டி மாணவர் ஒருவர் அவர்களைப் பழைய நிர்வாகக் கட்டடத்தின் முன் நிறுத்தினார். 1953இல் தொழிலதிபர் டான் லார்க் சை தென்கிழக்காசியச் சீனர்களுக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று குரல் கொடுத்தார். ஹொக்கியன் சங்கம் நிலம் தந்தது. செல்வர்களோடு திரிஷா மிதித்தவர்களும் டாக்சி ஓட்டியவர்களும் தங்கள் உழைப்பின் ஊதியத்தை அள்ளிக் கொடுத்தார்கள். அப்படி எழுந்த நன்யாங் பல்கலைக்கழகம் 1980இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து தேசியப் பல்கலைக்கழகமாயிற்று. அந்த வளாகத்தில் 1981இல் தோன்றிய தொழில்நுட்பக் கழகமே 1991இல் இன்றைய பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

டாக்சி ஓட்டியவர்கள் என்ற சொல்லைக் கேட்டதும் தந்தை நிமிர்ந்து அக்கட்டடத்தை நோக்கினார். காலை முதல் மகளுக்குப் பின்னால் ஒதுங்கி ஒதுங்கி நடந்தவர் அவர். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு மெல்லச் சொன்னார்:

“சேமநிதியில பெரிசா ஒண்ணும் இல்லம்மா. வீட்டுக்கே போயிடுச்சு. வா, அந்த முகப்பிலே கேட்டுப் பார்ப்போம்.”

உதவிநிதி முகப்பில் இருந்தவர் பொறுமையாக விளக்கினார். பெற்றோரின் சேமநிதிச் சாதாரணக் கணக்கிலிருந்து கட்டணம் செலுத்தலாம். ஆனால் அதுவும் கடனே, படித்து முடித்தவர் அதை வட்டியோடு அக்கணக்கில் திரும்பச் செலுத்த வேண்டும். சேமநிதி போதாதவர்க்குக் கட்டணக் கடன் உண்டு. அரசாங்க மானியம் போக மாணவர் செலுத்தும் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை அது கிடைக்கும். படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. பிணையாளர் ஒருவர் வேண்டும். வருமானம் குறைந்த குடும்பத்தினர்க்குத் திருப்பித் தர வேண்டாத உதவித்தொகையும் உண்டு. விடுதிச் செலவு வேறு. மகள் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். தந்தையின் முகத்தில் பல மாதங்களாக இருந்த இறுக்கம் அப்போதுதான் தளர்ந்தது.

அடுத்த வாரம் கெண்ட் ரிட்ஜுக்குச் சென்று அதே கேள்விகளைக் கேட்டார்கள். அங்கே முதற்கேள்வியே பணத்தைப் பற்றியதாக இருந்தது, கேட்டவர் தந்தை. அன்றிரவு உணவு மேசையில் இரு பல்கலைக்கழகங்களையும் எதிரெதிரே எழுதி ஒப்பிட்டார்கள். பாடத்திட்டத்தில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. பீஷானில் ரயில் மாறினால் கெண்ட் ரிட்ஜை அடைந்துவிடலாம், வீட்டிலிருந்தே படிக்கலாம், விடுதிச் செலவு மிச்சம். மகள் தேசியப் பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொண்டாள். பெயரின் பெருமையைக் கேட்டு எடுத்த முடிவன்று அது. குடும்பத்தின் உண்மை நிலையை அறிந்து எடுத்த முடிவு.

மேல்நிலை மாணவர்களை அனுப்பி வைக்கும் ஆசிரியர்கள் இதை நினைவிற் கொள்வது நலம். மாணவர் எழுதி எடுத்துச் செல்லும் கேள்விகளுள், கேட்கக் கூசும் கேள்வி ஒன்றும் இருக்கட்டும். அதைக் கேட்காமல் திரும்பினால் பார்த்தது கட்டடங்களை மட்டுமே. கேட்டுவிட்டால், நான்கு ஆண்டுகளைத் தாங்கும் தரை எது என்பது தெரிந்துவிடும்.