முப்பது மோட்டார் கணக்கு

1996-ல் மும்பையில் ஜஸ்ட் டயல் ஒரு போன் நம்பராகத்தான் தொடங்கியது. கடை தெரியாதவருக்குக் கடையைக் காட்டுவது அதன் வேலை. கோயம்புத்தூரில் இன்று இப்படிப் பல டைரக்டரிகள். அதில் ஒன்றுக்கு, கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் என் மாமா வருஷத்துக்கு 18,000 ரூபாய் கட்டினார்.

ஒரு மோட்டார் சுற்றினால் செலவு போகக் கையில் நிற்பது 600. புதிதாக 30 மோட்டார் வந்தால்தான் போட்ட காசு திரும்பும். போன் என்னவோ நிறைய வந்தது. "ஏனுங்க, ரேட்டு எவ்வளவுங்க?" என்று கேட்டு வைத்துவிடுவார்கள், அதே கேள்வி இன்னும் நாலு கடைக்குப் போயிருக்கும். நோட்டில் குறித்துவந்தேன். வேலையாக வந்தது 11.

சரவணம்பட்டியில் வாடகைக்கு இருக்கும் ஐ.டி. பையனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாது. ஏசி ரிப்பேருக்கு அவன் தேடித்தான் ஆகணும். ஏசி மெக்கானிக்குக்கு டைரக்டரி லாபம். மோட்டார் எரிந்த அன்னூர் விவசாயியோ பக்கத்துத் தோட்டத்துக்காரரைத்தான் கேட்பார்.

புதுப்பிக்கச் சொல்லி போன் வந்தது. கடைப் பையனின் தீபாவளி போனஸும் அதே கல்லாவிலிருந்துதான் வரணும்.

"என்ன கண்ணு பண்றது?" என்றார் மாமா.

"கட்ட வேண்டாம் மாமா. வேலை முடிச்சுக் குடுக்கிற ஒவ்வொரு தோட்டத்து ஸ்டார்ட்டர் பெட்டியிலயும் நம்ம நம்பரைப் பெயிண்ட்ல எழுதிடலாம்."