பெரியம்மா வெட்டாத கேபிள்

கொக்கிளாயில எங்கட வீட்டுக் கூரையில ஒரு டிஷ் இருக்கு. இந்தியாவுக்குள்ள மட்டும் பாவிக்கவேண்டிய டிஷ் அது. ஆனா எங்கட பக்கம் ஒழுங்கைக்கு ஒழுங்கை அதுதான் நிக்குது. ரவுணில ஒரு கடைக்காரர் காசு வாங்கிக்கொண்டு, இந்தியாவில இருக்கிற ஆரோ ஒருத்தரின்ர பேரில ரீசார்ஜ் பண்ணி விடுவார். அந்த ஆள் ஆரெண்டு எங்களுக்குத் தெரியாது. களப்புப் பக்கமிருந்து காத்து அடிச்சா படம் சதுரம் சதுரமா உடையும். அம்மா உடன அண்ணாவைக் கூரையில ஏத்துவா.

அம்மா பார்க்கிற அதே சென்னைத் தொடரை கனடாவில, ஸ்காபரோவில, பெரியம்மாவும் பார்க்கிறா. ஞாயிற்றுக்கிழமைகளில வட்ஸ்அப்பில அக்காவும் தங்கச்சியும் அரை மணித்தியாலம் கதைப்பினம். அதில இருபத்தைஞ்சு நிமிஷம் தொடர்தான். மாமியார் என்ன செய்தவ, மருமகள் ஏன் வீட்டை விட்டுப் போனவ எண்டு. மிச்ச அஞ்சு நிமிஷத்தில சீனி, பிரஷர், மழை. காணியைப் பற்றிக் கதை வராது. அம்மம்மாவைப் பற்றியும் வராது. சின்னனில எனக்கு இது சிரிப்பாத்தான் இருந்தது. கம்பஸ் வந்த பிறகுதான் வேற மாதிரி யோசிக்கத் தொடங்கினன்.

ஊடகக் கற்கைக்கு ஒரு அசைன்மென்ற் தந்தவை. வெளிநாட்டு ஒளிபரப்பு நிறுவனம் ஒன்றைப் பற்றி எழுதவேணும். எல்லாரும் பிபிசி, அல் ஜசீரா எண்டு எடுத்துப்போட்டினம். பெரியம்மா வீடியோவில வரேக்க அவவின்ர தலைக்குப் பின்னால ரிவி ஓடிக்கொண்டிருக்கும். அதில மூலையில 'ஏ.ரி.என்.' எண்டு ஒரு எழுத்து. நான் அதை எடுத்தன்.

ஏ.ரி.என். என்றால் ஏசியன் ரெலிவிஷன் நெட்வேர்க். 1971இல் ரொறன்ரோவில் ஒரு சிறிய நிகழ்ச்சியாகத் தொடங்கியது. தொடங்கியவர் சாண் சந்திரசேகர் என்ற தமிழர். மனைவி ஜெயா சந்திரசேகரும் அவரோடு சேர்ந்து அதை வளர்த்தவர். 1971 எண்டா, எங்கட சனம் அங்க பெருமளவில போகத் தொடங்காத காலம். 155 தமிழர் உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் மிதந்து, மீனவர்களால் காப்பாற்றப்பட்டது 1986 ஓகஸ்டில்தான். 1997இல் ஏ.ரி.என். நாடு முழுவதற்குமான ஒரு தெற்காசிய அலைவரிசையாக வந்தது. பிறகு மொழிக்கு ஒன்று, விருப்பத்துக்கு ஒன்று என்று பிரிந்து பிரிந்து ஐம்பதுக்கு மேற்பட்ட சனல்கள்: ஹிந்தி, பஞ்சாபி, வங்காளம், கிரிக்கெட்டுக்குத் தனியாக ஒன்று. தமிழுக்கும் இருந்தது. சென்னை ஜெயா ரிவியோடு ஒப்பந்தம் செய்து 'ஏ.ரி.என். ஜெயா ரிவி' என்ற பெயரில் ஒரு சனல். தலைமையகம் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம். பங்குச் சந்தையில் பங்கு விற்கிற கம்பனி அது.

இதையெல்லாம் வாசிக்கேக்க என்னை நிப்பாட்டினது ஒரு சொல்: சுயாதீன ஒளிபரப்பாளர். இஞ்ச 'சுயாதீன ஊடகம்' எண்டு சொன்னா, அரசாங்கத்தின்ர ஆளில்லை, கட்சியின்ர ஆளில்லை எண்டு விளங்குவம். கனடாவில் இந்தச் சொல்லுக்கு வேறு கணக்கு. அங்கே பெல், ரொஜர்ஸ் போன்ற பெரிய கம்பனிகள் கேபிளையும் நடத்தும், இன்ரர்நெற்றையும் விற்கும், சொந்தமாக சனல்களும் வைத்திருக்கும். அந்தக் குடும்பங்களுக்குச் சொந்தமில்லாதவர் 'சுயாதீனம்'. ஆனால் அந்தச் சுயாதீனக்காரரின் சனல் வீட்டுக்குள் போகவேண்டுமென்றால் அதே பெல், ரொஜர்ஸ் கேபிளில்தான் போகவேண்டும். சந்தாக் காசை அவர்கள் அறவிட்டு, அதில் ஒரு பங்கைத்தான் சனலுக்குக் கொடுப்பார்கள். வாசலும் அவை, பக்கத்துக் கடையும் அவை. எங்கட பக்கம் வாடி வைச்சிருக்கிற முதலாளிக்கும் இறாலுக்குப் போறவருக்கும் உள்ள உறவு மாதிரித்தான் எனக்குப் பட்டது. தொழில் உன்ர, விலை அவற்ற.

இதை ஓரளவுக்குச் சமப்படுத்தத்தான் சி.ஆர்.ரி.சி. என்ற ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது. உரிமம் கொடுப்பது, கேபிள்காரரும் சனல்காரரும் சண்டைபிடித்தால் விசாரிப்பது, பார்வையாளரின் முறைப்பாட்டைக் கேட்பது எல்லாம் அதன் வேலை. உரிமம் வாங்கிய சனலுக்கு ஒரு நிபந்தனையும் உண்டு: காட்டுவதில் ஒரு பங்கு கனடாவிலேயே தயாரித்ததாக இருக்கவேண்டும். சென்னையிலிருந்து வருவதை அப்படியே அஞ்சல் செய்துகொண்டு மட்டும் இருக்கமுடியாது. இந்த நிபந்தனையை ஞாபகத்தில வைச்சிருங்கோ, திரும்பவும் இதுக்கு வருவன்.

இலங்கையில் 1997இல் ஒலி, ஒளிபரப்புக்கு ஒரு அதிகாரசபை அமைக்கச் சட்டமூலம் கொண்டுவந்தார்கள். அந்தச் சபை அரசாங்கத்தின் கைக்குள் இருக்கும், சுயாதீனமாக இருக்காது என்று சொல்லி உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் எனத் தீர்ப்பளித்தது. ஏ.ரி.என். தேசிய அலைவரிசையாக வந்த அதே 1997.

இனி 'பொக்ஸ்' கதை. பெரியம்மாவின்ர மகன், எனக்கு அண்ணா முறை. அவர் கேபிள் வெட்டி நாலு வருஷம். ஆரோ தெரிஞ்சவரிட்ட ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி வாங்கிப் பூட்டினவர். ஒருக்காக் காசு குடுத்தா உலகத்தில உள்ள அவ்வளவு சனலும் வரும். உரிமமும் இல்லை, ஒண்டும் இல்லை. "இதுக்கு மாசாமாசம் கட்டிறது விசர் வேலை"யாம்.

2016இல் சி.ஆர்.ரி.சி. ஒரு மாற்றம் கொண்டுவந்தது. கூட்டமாகக் கட்டிய பொதி வாங்காமல், வேண்டிய சனலைத் தனித்தனியாக எடுக்கலாம். பார்க்கிறவருக்கு நல்லதுதான். ஆனால் சின்ன சனல்களுக்கு ஒவ்வொரு சந்தாதாரரும் இன்னும் முக்கியமாகிப்போனார். அதோடு பொக்ஸும் வந்தது. 2018 ஜனவரியில், களவாக ஒளிபரப்பும் இணையத்தளங்களை நாடு முழுதும் தடுக்கவேண்டும் என்று ஒரு கூட்டணி சி.ஆர்.ரி.சி.யிடம் விண்ணப்பித்தது. பெயர் 'பெயார்ப்ளே கனடா'. பெல், ரொஜர்ஸ், சி.பி.சி. எல்லாம் அதில் இருந்தும், விண்ணப்பத்தைக் கூட்டணி சார்பில் தாக்கல் செய்தது ஏ.ரி.என். களவால் முதலில் சாகிறது சின்னவர்கள் என்பது அவர்களின் நியாயம். இன்று களவைத் தடுக்கிறோம் என்பவர்கள் நாளைக்கு வேறெதையும் தடுக்கலாம் என்பது எதிர்த்தவர்களின் நியாயம். அந்த வருஷம் ஒக்ரோபரில், இது எங்கள் அதிகாரத்துக்குள் வராது என்று சி.ஆர்.ரி.சி. விண்ணப்பத்தை நிராகரித்தது.

நான் இரண்டு பக்கத்தையும் வாசிச்சிட்டு எங்கட கூரையை யோசிச்சன். அண்ணாவின்ர பொக்ஸ் களவெண்டா எங்கட டிஷ் என்ன? வன்னிக்கு இண்டைக்கு கனக்கத் தமிழ் சனல் வருது. சென்னையில மழை பெஞ்சா எங்களுக்குத் தெரியும். கொக்கிளாய் முகத்துவாரத்தில என்ன நடக்குதெண்டு ஒரு சனலிலயும் வராது. பொக்ஸுக்குள்ள ஸ்காபரோ வராது, டிஷ்ஷுக்குள்ள கொக்கிளாய் வராது. 'ஒரு பங்கு இஞ்ச செய்ததா இருக்கவேணும்' எண்ட அந்த நிபந்தனையின்ர பெறுமதி அப்பத்தான் எனக்கு விளங்கிச்சு. அந்தப் பங்கில்லாட்டி, எங்கட மொழி வீட்டுக்குள்ள வரும், நாங்கள் அதுக்குள்ள இருக்கமாட்டம்.

அசைன்மென்றுக்கு ஒரு பார்வையாளரிட்ட நேர்காணல் செய்யவேணும். பெரியம்மாவை எடுத்தன். ஞாயிறு இல்லாத ஒரு நாள், ஹொஸ்ரலில இருந்து.

"பெரியம்மா, அண்ணாட்ட பொக்ஸ் இருக்குத்தானே. உங்களுக்கும் ஒண்டு பூட்டி விடுறன் எண்டவராம். ஏன் நீங்கள் இன்னும் கேபிளுக்குக் காசு கட்டுறீங்கள்?"

"அது இருக்கட்டும் பிள்ளை. பழகிப் போச்சு."

"அப்பிடி எழுதினா மாக்ஸ் போடமாட்டினம் பெரியம்மா."

சிரிச்சா. பிறகு கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லத் தொடங்கினா. போன புதுசில ரெண்டு வேலையாம். தமிழ்க் கடையில வீடியோ கசட் வாடகைக்கு எடுத்துவந்து, வேலை முடிஞ்ச சாமத்தில பாக்கிறதாம். தமிழ் சனல் வீட்டுக்கு வந்த அண்டைக்கு, தமிழில விளம்பரம் போறதைப் பார்த்துக்கொண்டே நிண்டவவாம். காப்புறுதி விக்கிறவர், வீடு விக்கிறவர், வழக்கறிஞர். "படத்தை விட விளம்பரம்தான் பிள்ளை சந்தோசம். எங்கட ஆக்கள் இஞ்ச இருக்கினம் எண்டு அப்பதான் நம்பினன்."

அதுக்குப் பிறகு குரல் மாறிச்சு.

"2009இல நான் வேலைக்குப் போகேல்ல. மூண்டு மாசம். கேபிள், இன்ரர்நெற், என்னென்ன தமிழில இருந்ததோ எல்லாம் போட்டு வைச்சிருப்பன். வன்னியில இருந்து படம் வரும். பங்கர், ஆஸ்பத்திரி, வரிசை. முகம் முகமாப் பாப்பன். அம்மா தெரியிறாவோ, உன்ர அம்மா தெரியிறாவோ, நீ தெரியிறியோ எண்டு. சில படத்தைத் திரும்பத் திரும்பப் போடுவினம். பாத்த படமெண்டாலும் பாப்பன், முதல் தரம் கவனிக்காம விட்டிருப்பன் எண்டு. அதுக்குப் பிறகு எப்பிடிப் பிள்ளை அதை வெட்டுறது?"

எனக்கு அப்ப ஆறு வயசு. மாத்தளனில பங்கருக்குள்ள இருந்தனாங்கள். எங்களிட்ட ரிவி இல்லை. பற்றரி தீர்ந்துபோன ஒரு சின்ன ரேடியோ இருந்தது. உலகத்தில ஆரும் எங்களைப் பாக்கேல்ல எண்டுதான் அம்மா அந்த நேரம் சொல்லிக்கொண்டிருந்தவ. அது எனக்கு வடிவா ஞாபகம். அந்த மூண்டு மாசமும் ஒருத்தர் நித்திரை கொள்ளாம எங்களைத் தேடிக்கொண்டு இருந்திருக்கிறா. எங்களுக்குத் தெரியாது. பதினாறு வருஷமா ஞாயிற்றுக்கிழமைகளில மாமியார், மருமகள் கதை கதைச்சினம். இதைக் கதைக்கேல்ல.

எங்கட ஊர்க்கதை தெரியாதவைக்குச் சொல்லவேணும். 1984 மார்கழியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனம் ஊரை விட்டுத் துரத்தப்பட்டது. பெரியம்மாவும் அம்மாவும் அம்மம்மாவோட முள்ளியவளைக்கு நடந்தவை. போர் முடிந்த பிறகுதான் திரும்பிவர விட்டார்கள். அம்மம்மா வரேல்ல. முள்ளிவாய்க்கால் வரை வந்து, தப்பி, செட்டிகுளம் முகாமில 2009 கடைசியில செத்துப்போனா. பெரியம்மாவால வரமுடியேல்ல. 2023இல் தண்ணீர்க் குழாய் போடக் கிடங்கு வெட்டும்போது கொக்குத்தொடுவாயில் மனிதப் புதைகுழி வந்தது. அடுத்த வருஷம் அகழ்வு முடிய 52 பேரின் எச்சங்கள். அந்த நேரம் மட்டும் எங்கட பக்கத்துப் பேர் ரிவியில வந்தது. பெரியம்மா எடுத்து, "அந்த இடம் எங்கட வயலுக்குக் கிட்டவோ?" எண்டு மட்டும் கேட்டவ. அம்மா "இல்லையக்கா, அங்கால" எண்டவ. பிறகு தொடர்.

நேர்காணலில பெரியம்மா சொன்னதை நான் அசைன்மென்றில போடேல்ல. 'பார்வையாளர் விசுவாசம்' எண்டு ஒரு தலைப்புப் போட்டு ரெண்டு வரி எழுதி முடிச்சன். மாக்ஸ் வந்தது. ஆனா மனசு கேக்கேல்ல. லீவுக்குப் போய் அம்மாட்டச் சொன்னன். அம்மா குசினிக்குள்ள மீன் வெட்டிக்கொண்டு இருந்தவ. ஒண்டும் சொல்லேல்ல. மீனைக் கழுவி முடிச்சு, கையைத் துடைச்சு, "இண்டைக்கு என்ன கிழமை?" எண்டா. செவ்வாய். ஞாயிறு வரைக்கும் நிக்காம எடுக்கச் சொன்னா. அங்க சாமம்.

"அக்கா, நாங்கள் அப்ப மாத்தளனில நிண்டனாங்கள். ஏப்பிரல் 20 வரைக்கும் அங்கதான்" எண்டு நேரா அதிலயே தொடங்கினா.

பெரியம்மா கன நேரம் பேசேல்ல. பிறகு கேட்டா, "அம்மா அந்த நீலச் சேலை உடுத்திருந்தவவோ? நான் குடுத்துவிட்டது, மயில்கழுத்து நீலம். நான் அந்த நிறத்தைத்தான் தேடினனான்."

அம்மா என்னைப் பார்த்தா. ரெலிபோனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சு, திரும்பக் கிட்டக் கொண்டுவந்தா.

"அதை உடுக்கேல்ல அக்கா. சாக்கு இல்லை. மண்மூட்டைக்கு அதை வெட்டித் தைச்சனாங்கள். அம்மாதான் வெட்டச் சொன்னவ. பங்கர் வாசலில அதுதான் இருந்தது."

வன்னியில் இருந்தவர்களுக்குத் தெரியும். கடைசி மாதங்களில் பட்டும் நூலுமாக எத்தனையோ சேலைகள் மண்மூட்டையாகின. அந்த நேரத்துப் படங்களில் பங்கர்கள் கலர் கலராக இருப்பது அதனால்தான். பெரியம்மா முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவ. மூட்டையளைப் பார்த்திருப்பாவோ தெரியாது.

அண்டைக்கு ரெண்டு பேரும் ஒண்டரை மணித்தியாலம் கதைச்சவை. முகாமில அம்மம்மா கடைசியா என்ன சாப்பிட்டவ, எங்க எரிச்சது, காணி உறுதி இப்ப ஆரிட்ட இருக்கு, எல்லாம். நான் வெளியில வந்து திண்ணையில இருந்தன். பொக்ஸ் பூட்டுற அண்ணாவிட்ட ஒண்டும் சொல்லேல்ல. எங்கட டிஷ்ஷையும் கழட்டேல்ல. காத்து அடிச்சா இப்பவும் படம் உடையுது, அண்ணா ஏறுறார். ஞாயிற்றுக்கிழமையும் தொடர்க்கதை போகுது. ஆனா இப்ப அது கடைசி அஞ்சு நிமிஷத்துக்குத்தான் வருது.