வரிசையில் நிற்க முடியாத பிள்ளையோடு

சென்னை ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி. யுனிவர்சல் கிங்டம் பொழுதுபோக்குப் பூங்கா வாசலில் இறங்கியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மண்ணாடிப்பட்டில் இருட்டோடு கிளம்பி, புதுச்சேரி வந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி வந்திருந்தோம். என் மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உண்டு. வழிநெடுக, பஸ் கண்டக்டர் குரலில் "திருக்கனூர், சுத்துக்கேணி, காட்டேரிக்குப்பம்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். மனசை நிலைக்குக் கொண்டுவர அவன் கண்டுபிடித்த வழி அது. நாங்கள் நிறுத்தச் சொல்வதில்லை.

கூட்டம் இருக்காதென்று வார நாளாகப் பார்த்துத்தான் வந்தோம். முதலில் வாசல், அப்புறம் ராட்டினம், அப்புறம் சாப்பாடு, அப்புறம் வீடு என்று செல்போனில் படம் காட்டி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். பையில் காதை மூடும் ஹெட்போன், தயிர்சாதம், மாற்றுத் துணி, அவன் பேச்சுக்குப் பதில் நீட்டும் பட அட்டைகள்.

நேராகச் சுற்று ராட்டினத்துக்கு இழுத்துப் போனான். இறங்கியதும் மறுபடி ஏறினான், மறுபடியும். ஒரே சீராகச் சுற்றுவது இவனைப் போன்ற பல பிள்ளைகளுக்கு இதமாக இருக்கும். சட்டென்று கீழே இறங்கும் ராட்டினத்தில் அதே பிள்ளை கதிகலங்கிவிடும். "இதையே சுத்துறானே, மத்ததெல்லாம் பாக்க வேணாமாம்மா?" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். "இதுக்குத்தாங்க ஐயா வந்தோம்" என்றேன்.

கஷ்டம் ராட்டினத்தில் இல்லை, வரிசையில்தான். எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பு, உரசும் தோள்கள், தலைக்கு மேல் ஒலிபெருக்கி. மூன்றும் சேர்ந்தால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். பார்ப்பவர்கள் அடம் என்பார்கள். அது அடம் இல்லை, வலி. முன்பு வேறொரு பூங்காவில் மாற்றுத்திறனாளி அட்டையை நீட்டியபோது, "கை கால் நல்லாத்தானே இருக்கு" என்று வரிசைக்கே திருப்பி அனுப்பினார்கள். 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொன்ன 7 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசம் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கி, ஆட்டிசத்தையும் சேர்த்தது. கவுன்டரில் இருப்பவர் வரைக்கும் அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

அன்று அவனை அதிகம் ஈர்த்தவர், வி.ஜி.பி.க்குப் பெயர் வாங்கித் தந்த சிலை மனிதர். கண்ணும் உதடும் அசையாமல் மணிக்கணக்கில் நிற்பவர். சுற்றி நின்றவர்கள் அவரைச் சிரிக்க வைக்க என்னென்னவோ செய்தார்கள். என் மகன் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றான். 'முகத்தைப் பார்த்துப் பேசு', 'கொஞ்சம் சிரி' என்று ஊரே அவனைக் கேட்கிறது. இந்த மனிதர் அவனிடம் எதையும் கேட்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது.

மத்தியானம் வீட்டுப் படம் போட்ட அட்டையை நீட்டினான். நாள் முழுதுக்கும் சீட்டு எடுத்திருந்தோம். இருந்தாலும் உடனே கிளம்பிவிட்டோம். அவன் கேட்டதும் கிளம்பினால்தான் அடுத்த தடவை நம்பி வருவான்.

அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களில் 2013 முதல் இப்படிப்பட்ட பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டாம்; வர வேண்டிய நேரத்தைக் குறித்துக் கொடுக்கிறார்கள். பென்சில்வேனியாவின் செசமி பிளேஸ் பூங்கா, எந்த ராட்டினத்தில் சத்தம் எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று மதிப்பெண் போட்டு முன்பே சொல்லிவிடுகிறது. அமைதி அறையும் வைத்திருக்கிறது. நமக்கும் இது முடியாததில்லை. நேரம் குறித்த ஒரு சீட்டு, ஒலிபெருக்கி எட்டாத ஓர் அறை, வாசலில் நிற்பவருக்குக் கொஞ்சம் பயிற்சி. புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் இனி எந்தப் பூங்காவுக்கு அனுமதி கொடுத்தாலும், அரசு இந்த மூன்றையும் நிபந்தனையாக எழுதிச் சேர்க்க வேண்டும்.