சங்ககிரிக் கோட்டையும் தகரப் பெட்டியும்

எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வந்த கதை ஒன்றுண்டு. முன்னோர் ஒருவர் சங்ககிரிக் கோட்டையில் திப்பு சுல்தானின் குதிரை வீரராக இருந்தார் என்பதும், அந்த விசுவாசத்திற்குத் தண்டனையாகவே நாமக்கல்லை அடுத்த எங்கள் நிலத்தைக் கும்பெனியார் பறித்துக்கொண்டனர் என்பதும் அக்கதை. அதைக் கேட்டே வளர்ந்தோம். பிள்ளைகளுக்கும் பெருமிதத்தோடு சொன்னோம். பணி ஓய்வு தந்த அவகாசத்தில், பொங்கல் கழிந்த ஒரு காலையில், கணவனும் மனைவியுமாக நாங்கள் சேலத்திலிருந்து காரில் புறப்பட்டோம். ஊர் பார்ப்பதும் வேர் பார்ப்பதும் ஒரே பயணத்தில் முடியுமே என்ற எண்ணந்தான்.

சாலையின் இருமருங்கிலும் குச்சிக்கிழங்கு வயல்கள். சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு அவையே உயிர். சங்ககிரியை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. மலையை அடுக்கடுக்காகச் சுற்றி வளைக்கும் மதில்களையும் வாயில்களையும் கடந்து ஏறுவதற்குள் எங்கள் வயது எங்களுக்கு நினைவுக்கு வந்தது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால் திப்பு இழந்த பகுதிகளுள் சேலமும் ஒன்று. அதன்பின் அலெக்சாண்டர் ரீடும் அவர்தம் உதவியாளர் தாமஸ் மன்றோவும் இந்நிலப்பரப்பை அளந்து வரி வகுத்தனர். 1805இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டதும் இக்கோட்டையில்தான் என்பர். இத்தனை வரலாற்றுக்கு நடுவில் குதிரை கட்டிய இடம் எதுவெனத் தேடி அலைந்தோம். கண்ட கல்மண்டபத்தையெல்லாம் இலாயமென்றே நம்பினோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

திருச்செங்கோடு வழியே நாமக்கல் சேர்ந்தோம். ஊர் நடுவே எழுந்து நிற்கும் ஒற்றைப் பாறை, அதன் உச்சியில் கோட்டை, அடியில் நரசிம்மருக்கும் அரங்கநாதருக்கும் குடைந்த குடைவரைகள், அருகே கமலாலயக் குளம். மீண்டும் ஏற முழங்கால் இசையவில்லை. குளக்கரையில் அமர்ந்து பார்த்ததோடு சரி.

அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள சிற்றூரில் எங்கள் மாமி வாழ்கிறார். அத்தாவின் தமக்கை, தொண்ணூறைக் கடந்தவர். நாங்கள் அமருமுன்பே, “கோட்டையப் பாத்தீங்களா கண்ணு? குதிரை கட்டுன எடம் இருக்குதா?” என்று வினவினார். இருக்கிறது என்றோம். அவர் முகம் மலர்ந்தது.

உணவுக்குப்பின் பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். அவருடைய தந்தையார், அதாவது எங்கள் பாட்டனார், உயிரோடிருந்தவரை எவரையும் தொடவிடாத பெட்டி அது. உள்ளே விக்டோரியா அரசியின் தலை பொறித்த முத்திரைத்தாளில் 1893ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் ஒன்றிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க ஒருமணி நேரம் பிடித்தது. தாது வருஷத்தில் குடும்ப ஜீவனார்த்தம் விற்கப்பட்ட புஞ்சையை, விற்றவரின் மனைவி நெய் விற்றுச் சேர்த்த பணத்தில் திரும்ப வாங்கியிருந்தார். விற்றவர் பாட்டனாரின் தந்தை. வாங்கியவர் பாட்டனாரின் தாய்.

தாது வருஷம் என்பது 1876. அப்போது தொடங்கிய பஞ்சம் 1878 வரை நீடித்தது. 1871க்கும் 1881க்கும் இடையே சேலம் மாவட்ட மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைக் குடிமதிப்புக் கணக்குகள் காட்டுகின்றன. கும்பெனி ஆட்சியோ 1858லேயே முடிந்துபோயிற்று. நிலத்தைப் பறித்தவர் எவருமில்லை. பசி தாளாமல் விற்றிருக்கிறார்கள். அதைச் சொல்ல நாணியே பாட்டனார் குதிரையேறினார் போலும். பதினைந்தாண்டுக் காலம் நெய்ப்பானையோடு தெருத்தெருவாக நடந்த தம் தாயையும் அக்கதையிலிருந்து இறக்கிவிட்டார் என்பதே எங்களுக்கு உறுத்திற்று.

மாமியிடம் மறைத்துவிடலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அதற்குள் அவரே, “படிங்க, காது கேக்குது” என்றார். படித்தோம். நெடுநேரம் பேசாதிருந்தவர், “எங்கத்தா நெய் ஊத்திச் சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல” என்றார். பின்னர் அந்தப் பெயர் வரும் வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார்.

மாலையில் அந்த நிலத்தைத் தேடிச் சென்றோம். பாட்டனார் காலத்திலேயே பங்கு பிரிந்து கைமாறிப்போன இடத்தில் இன்று கோழிப்பண்ணை நடக்கிறது. பண்ணைக்காரர் முதலில் ஐயத்தோடுதான் நோக்கினார். வழக்குக்கு வந்தவர்கள் என்று எண்ணியிருப்பார். விவரம் அறிந்ததும் பத்திரத்திலிருந்த கிணற்றைக் காட்டினார். புறப்படும்போது ஓர் அட்டை முட்டையைக் காரில் வைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். மாமி அவற்றை ஒவ்வொன்றாக எண்ணி வாங்கிவைத்தார், முப்பது இருந்தன.