வேலிகள் மதிலான ஊர்: யாழ்ப்பாணத்தின் புதிய குடிமனைகளும் உள்ளூராட்சி அனுமதிகளும்

நீண்டகாலம் புலம்பெயர் நாட்டில் வாழ்ந்துவிட்டு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் திரும்பும் ஒருவர் போர் விட்டுச்சென்ற இடிபாடுகளைக் காணும் மனநிலையுடனேயே வருகிறார். ஆயினும் நல்லூரைக் கடந்து திருநெல்வேலி, கோண்டாவில் வழியே செல்லும்போது அவரைத் திகைக்கவைப்பது குடிமனைகளின் நெருக்கமே. புகையிலையும் வெங்காயமும் விளைந்த செம்மண் தோட்டக்காணிகள் பல, இரண்டு மூன்று பரப்புத் துண்டுகளாக அளந்து எல்லைக்கல் நாட்டப்பட்டு, மாடிவீடுகளாக எழுந்து நிற்கின்றன. பரப்பு என்பது குடாநாட்டில் காணியை அளக்க வழங்கும் அலகு. அது 10 பேர்ச் கொண்டது, 16 பரப்பு சேர்ந்தால் ஓர் ஏக்கர். கிடுகு வேலிகளுக்கு நடுவே வளைந்து சென்ற ஒழுங்கைகள், அதாவது வளவுகளுக்கு இடையிலான ஒடுங்கிய பாதைகள், இப்போது இருபுறமும் சீமெந்து மதில்களுக்குள் அடங்கிவிட்டன.

இம்மாற்றத்துக்குப் பல காரணங்கள் உண்டு. 1990 முதல் உயர்பாதுகாப்பு வலயமாக்கப்பட்ட வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் பல ஆண்டுகள் ஊர் திரும்ப முடியாதிருந்தமையால், அவர்களுள் பலர் நகரைச் சூழ்ந்த கிராமங்களிலேயே நிலைகொண்டனர். 1974இல் வளாகமாகத் தொடங்கிப் பின்னர் பல்கலைக்கழகமாக வளர்ந்த நிறுவனம் திருநெல்வேலியைச் சுற்றி மாணவர் விடுதிகளுக்கும் வாடகை வீடுகளுக்கும் இடைவிடாத தேவையை உண்டாக்கியது. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் காணி விலையை உள்ளூர் உழைப்பாளிக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றியது. சீதனத்துக்காகவும் உடன்பிறந்தோர் பங்குக்காகவும் வளவுகள் தலைமுறைதோறும் பிரிவது பழைய வழக்கமே எனினும், முதுசொத்தில் தமக்குரிய பங்கைக் கூடிய விலைக்கு விற்கும் புலம்பெயர்ந்தோரும் இந்த நெருக்கத்தின் பங்காளிகள் என்பதைத் திரும்பி வருபவர் மறுக்க முடியாது.

புதிய வீடு ஒன்று எழுவதற்கும் காணி துண்டாடப்படுவதற்கும் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையின் அனுமதி வேண்டும். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில் நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகளும், ஏனைய இடங்களில் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் இதற்கு அடிப்படையாகின்றன. வீதியிலிருந்து கட்டடம் எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்பதைக் குறிக்கும் கட்டடக் கோடு, துண்டின் அளவு, மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரம் ஆகியவற்றை அலுவலர்கள் பார்க்கின்றனர். இவையனைத்தும் ஒவ்வொரு காணியையும் தனித்தனியே பார்க்கும் முறையாக இருப்பதே குடாநாட்டைப் பொறுத்தவரை பெருங்குறையாகும்.

ஏனெனில் மேலே எல்லைக்கல்லால் பிரிந்த காணிகளுக்குக் கீழே உள்ள நீர் பொதுவானது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லாத இந்நிலத்தில், வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுகிறது. வடகீழ்ப் பருவமழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாகத் தங்குவதாலேயே கிணறுகள் குடிநீர் தருகின்றன. அதே வெடிப்புகளின் வழியே மலக்குழிக் கழிவும் உரத்தின் நைத்திரேற்றும் இறங்குகின்றன. நகரளாவிய கழிவுநீர்க் குழாய்த்தொகுதி இல்லாத யாழ்ப்பாணத்தில், விதித்த தூரத்தை ஒவ்வொரு வீட்டாரும் தம் வளவுக்குள் கடைப்பிடித்தாலும், இரண்டு பரப்புக்கு ஒரு குழி என்ற அடர்த்தியில் அந்தத் தூரம் அயலவர் கிணற்றைக் காக்கப் போதாது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரைத் தரும் ஆற்றலுடன் 2024இல் திறந்துவைக்கப்பட்ட தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் பெரும் ஆறுதல்தான். ஆனால் குழாயில் வரும் நீரும் பயன்பட்டபின் அதே குழிகளுக்குள்ளேயே செல்லும்.

வெள்ளமும் இதே கதையைச் சொல்கிறது. மழைநீரை ஏந்தி நிலத்துக்குள் இறக்கவே முன்னோர் ஊர்தோறும் குளம் வைத்தனர். கிடுகு வேலியின் அடியால் கசிந்து குளத்தைத் தேடிய நீரை மதில்கள் மறிக்கின்றன, வாய்க்கால்கள் ஒடுங்குகின்றன. 2008 நவம்பரில் ‘நிஷா’ புயல் கொண்டுவந்த பெருவெள்ளத்தின் பின்னரும் தாழ்நிலங்களில் கட்டடம் எழுவது ஓயவில்லை.

விதிகளில் தீர்வே இல்லை என்பதற்கில்லை. ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடினால் அதில் பத்திலொரு பங்கைப் பொதுத் தேவைக்கு ஒதுக்க வேண்டும் என நகர அபிவிருத்தி ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. ஒரு ஹெக்டேயர் ஏறத்தாழ 40 பரப்பு. ஐந்தும் பத்துமாக விலைப்படும் தோட்டக்காணிகள் இந்த வரம்பை எட்டுவது அரிதாகையால், ஒரு குறிச்சியே வீடுகளாக மாறினாலும் அங்கே பொதுவெளி என ஒரு துண்டும் மிஞ்சாமற்போகலாம். ஆகவே ஒரே குறிச்சியில் அடுத்தடுத்து வரும் துண்டாடல்களைச் சேர்த்து எண்ணும் ஏற்பாடும், குளத்தையும் அதற்கு நீர் வரும் வழிகளையும் குறித்த வரைபடத்தை முன்வைத்தே அனுமதி வழங்கும் நடைமுறையும் தேவை.

இதை அலுவலர்களிடம் மட்டும் விட்டுவிடலாகாது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின், 2025 மே மாதத் தேர்தல்வரை மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் இன்றியே அவை இயங்கின. இப்போது சபைகள் மீண்டும் கூடியுள்ளன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், வீடமைப்பு, சுற்றாடல் முதலியவற்றுக்கான குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்க்க இடமளிக்கிறது. கிணற்று நீரின் சுவை மாறியதையும் வெள்ளம் எந்த வழியால் வந்தது என்பதையும் அறிந்த அவர்களின் அறிவு அனுமதி வழங்கும் மேசைக்கு வர இதுவே வழி. காணியைத் தூரத்திலிருந்து வைத்திருப்பவருக்கும் ஒரு கடமை உண்டு: விற்கும்போதோ கட்டும்போதோ வாய்க்காலுக்கும் குளக்கரைக்கும் உரிய நிலத்தை விட்டுக்கொடுப்பது. அந்த இழப்பை ஏற்க மறுப்பவர், தாம் மீண்டும் வந்து வாழ விரும்பும் ஊரின் கிணறுகளையே விற்பவராகிறார்.