சத்தமில்லாத காரின் நோய்கள்

விலையுயர்ந்த மோட்டார்க் காருக்கு நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பெரும்பகுதி மௌனத்துக்கே போய்ச் சேருகின்றது. இரட்டைக் கண்ணாடி, தடித்த கம்பளம், பொனற்றின் உட்புறத்தே ஒட்டிய பஞ்சுத் தகடு, எஞ்சினின் மேல் கவிழ்த்த அழகிய மூடி ஆகிய யாவும் உள்ளே அமர்ந்திருப்பவரின் காதுக்கு எஞ்சின் சத்தம் எட்டாதிருக்கும் பொருட்டே அமைந்தவை. மூட்டையேற்றும் லொறிக்காரனுக்குத் தன் எஞ்சின் இருமினால் உடனே கேட்கும். ஆடம்பரக் காரின் சொந்தக்காரருக்கோ அது கேளாது. படலை திறந்துவிடும் காவற்காரனுக்கே முதலிற் கேட்கும். அவனிடம் கேட்பார் யார்?

காதை அடைத்ததோடு நில்லாமற் கண்ணையும் ஓரளவு மறைத்துவிட்டார்கள். 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலிருந்து பி.எம்.டபிள்யூ. எஞ்சின்கள் பலவற்றில் எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பி இல்லை; திரையிலே எழுத்துத் தோன்றினால் அதை நம்ப வேண்டியதுதான். எஞ்சினின் சூட்டைக் காட்டும் முள்ளும் பல கார்களில் மறைந்து போயிற்று. கம்பியை இழுத்து, துணியில் துடைத்து, மறுபடி விட்டுப் பார்க்கும் பழைய வழக்கம் நாகரிகமற்றது என்று யாரோ தீர்மானித்துவிட்டார்கள் போலும். எமக்கு அத்தீர்மானத்தில் உடன்பாடில்லை.

தமிழ் கற்பிக்கும் எமக்கு இத்துணை அக்கறை ஏன் என வாசகர் கேட்கலாம். 2020 மார்ச் மாதத்தில் எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில், பத்துப் பன்னிரண்டு வயதான ஐரோப்பியக் கார்கள் கைமாறிக் கைமாறி எட்டாத விலைக்கு ஏறின. ஓய்வு பெற்ற எமது அத்தானும் பணிக்கொடைப் பணத்துடன் அச்சந்தையில் இறங்கினார். வாழ்நாளில் ஒரு முறையேனும் அப்படியொரு காரில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகவேண்டும் என்பது அவருடைய ஆசை. அக்காவுக்கோ அதே பணத்தில் இளைய மகளின் கல்யாணம் தெரிந்தது. இருவருமாகச் சேர்ந்து எம்மை நடுவராக்கினார்கள். நாம் கராஜ் வைத்திருக்கும் முதியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டோம்.

கொழும்பில் ஒரு பெரிய வீடு. காலை ஏழு மணி. கார் கண்ணாடிபோல் மின்னிற்று. அத்தான் கதவைத் திறந்து, தோலிருக்கையைத் தடவிக்கொண்டு நின்றார். முதியவர் காரை ஒரு முறை சுற்றி வந்தார். பின்னர் பொனற்றின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"ஐயா, விடியவே வண்டி எங்கையோ போய் வந்திருக்குப் போலை?"

"இல்லையே, நேற்றுப் பின்னேரம் நிறுத்தினதுதான்" என்றார் விற்பவர்.

பொனற் சூடாக இருந்தது. முதியவர் வாதாடவில்லை. "நாளைக்கு வாறம். நாங்கள் வந்த பிறகு ஸ்ரார்ட் பண்ணுங்கோ" என்று மட்டும் கூறிப் புறப்பட்டார்.

மறுநாள் ஆறரை மணிக்கே போய்விட்டோம். எஞ்சின் குளிர்ந்திருந்தது. முதியவர் பொனற்றைத் திறந்து வைத்து, அத்தானை உள்ளே அமர்த்தி, கண்ணாடிகளை ஏற்றச் செய்து, ஸ்ரார்ட் பண்ணச் சொன்னார். தகரப் பேணிக்குள் சிறு கற்களைப் போட்டுக் குலுக்கியது போன்றதோர் ஓசை எழுந்து, நாலு விநாடியில் அடங்கிற்று. அதன்பின் எஞ்சின் பட்டுப்போல் ஓடியது. அத்தான் முகமலர்ச்சியோடு கண்ணாடியை இறக்கி, "ஒரு சத்தமும் இல்லை, பார்த்தீரா?" என்றார்.

அந்த நாலு விநாடி ஓசையின் பொருளை மாணவர்கள் பொருட்டுச் சற்று விரித்துக் கூறுவோம். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு இரண்டு முறை சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு ஒரு முறை சுற்றவேண்டும். இவ்விரண்டையும் பிணைத்து நிற்பதே டைமிங் செயின் எனப்படும் சங்கிலி. அது தளராதிருக்க எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் இறுக்கியும், வழிவிலகாதிருக்கப் பிளாஸ்திக் தாங்கிகளும் உண்டு. இரவு முழுதும் நின்ற எஞ்சினில் எண்ணெய் கீழே வடிந்துவிடுகின்றது. ஆகவே தேய்ந்து நீண்ட சங்கிலி, காலையில் எண்ணெய் அழுத்தம் ஏறும் வரையில் அங்குமிங்கும் அடித்துக்கொள்ளும். சற்று முன்னர் ஓடி நின்ற எஞ்சினில் அவ்வோசை பெரும்பாலும் எழாது. பொனற் ஏன் சூடாக இருந்தது என்பது இப்போது விளங்கும். சங்கிலி பல் தாவினாலோ அறுந்தாலோ, திறந்து நிற்கும் வால்வின் மேல் பிஸ்டன் மோதும். அத்தோடு எஞ்சின் முடிந்தது.

இந்நோய் ஒரு குலத்துக்கே உரியதன்று. பி.எம்.டபிள்யூ. 2007இல் வெளியிட்ட என்47 என்னும் டீசல் எஞ்சினிலே சங்கிலியை முன்புறத்தில் வைக்காமல், கியர்ப்பெட்டியை ஒட்டிய பின்புறத்தில் வைத்தார்கள். ஆரம்ப ஆண்டுகளின் எஞ்சின்கள் பலவற்றில் அது அகாலத்தில் தேய்ந்தது. மாற்றுவதற்குப் பெரும்பாலும் எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும். 2004இல் வந்த மெர்சிடிஸ் பென்ஸின் எம்272 எஞ்சினில், முதற் சில ஆண்டுகளின் ஆக்கங்களில், அதிர்வை அடக்கும் சமநிலைத் தண்டின் பற்சக்கரம் தேய்ந்தது. பற்சக்கரம் சிறியதுதான், அதை எட்டுவதற்கும் எஞ்சினைத்தான் இறக்க வேண்டும். 1996இல் வந்த ஜாகுவார் வி8 எஞ்சினிலோ சங்கிலி இறுக்கியின் பிளாஸ்திக் உடல் வெடித்தது. பிற்பாடு உலோகத்தாற் செய்து திருத்தினார்கள். திருத்தினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயின் திருத்தம் காணாத கார்கள் கைமாறிக்கொண்டேதான் இருக்கின்றன.

முதியவர் செலவைக் கணக்கிட்டுச் சொன்னார். அத்தான் இரண்டு நாள் ஒருவரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் விற்பவரைத் தொலைபேசியில் அழைத்து, வேண்டாமென்றார். மூன்று வாரம் கழித்து, அதே காரை வேறொருவர் வெள்ளவத்தையில் ஓட்டிச் செல்லக் கண்டோம். பின்னிருக்கையில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

சங்கிலியைப் போல ஒளிந்திராத நோய்களும் உண்டு. புகையின் நிறத்தைப் பார்ப்பதற்குப் பட்டறை வேண்டியதில்லை. நீலப் புகை, எண்ணெய் எரிவதன் அடையாளம். வண்டி விளக்கடியில் நின்று புறப்படும்போது மட்டும் ஒரு குபீர் எழுமாயின், வால்வுத் தண்டுகளைச் சுற்றிய றப்பர் இறுகிப் போயிற்று என்று முதலில் ஐயுறலாம். கரும்புகை, எரிபொருள் மிகுந்தோ காற்றுக் குறைந்தோ இருப்பதைக் காட்டும். வெண்புகையில்தான் மயக்கம். நுவரெலியாக் குளிரில் காலையிற் சிறிது நேரம் வெண்மையாக வந்தால் அது வெறும் நீராவி. எஞ்சின் சூடேறிய பின்னும் அது விடாது வந்து, இனித்த மணமும் வீசினால், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிந்து எரிகிறதென ஐயுற வேண்டும்.

அப்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகிப் பாருங்கள். எண்ணெய் வெறுந்தேநீர் நிறமாகவோ, பழையதாயின் கடுங்கோப்பி நிறமாகவோ இருக்கலாம். பால்தேநீராக மாறியிருக்கக் கூடாது. மாறியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. குறுந்தூரமே ஓடும் காரில், ஈரம் படிந்து மூடியின் அடியில் சிறிது வெண்மை காண்பதுண்டு. அதை மட்டும் கண்டு கலங்க வேண்டாம். குளிர்நீர்த் தொட்டியின் மட்டமும் நாளுக்குநாள் இறங்குகிறதா என்று பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

அத்தொட்டியும் அதன் குழாய் மூட்டுகளும் பெரும்பாலும் பிளாஸ்திக்கே. ஆண்டுக்கணக்கான சூட்டில் அவை அப்பளம்போல் நொறுங்கும். சில பி.எம்.டபிள்யூ. கார்களில் நீர்ப்பம்பியை வாரால் ஓட்டாமல் மின்சாரத்தால் ஓட்டுகிறார்கள். அது முன்னறிவிப்பு ஏதுமின்றி நின்றுவிடுவதுண்டு. மஞ்சள் விளக்கு எரிந்தால் கராஜ் வரை மெல்லச் செல்லலாம். சூட்டுக்கோ எண்ணெய் அழுத்தத்துக்கோ சிவப்பு விளக்கு எரிந்தால், காலி வீதியின் நடு நெரிசலாயினும், ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். "வீடு கிட்டத்தானே" என்று ஓட்டிய ஐந்து நிமிடத்தில் அலுமினியத்தாலான எஞ்சின் தலை வளைந்துவிடும். சூடாயிருக்கும்போது நீர்மூடியைத் திறப்பவர் முகத்தையும் வேகவைத்துக்கொள்வார்.

எண்ணெயை 25,000, 30,000 கிலோமீற்றர் வரையும் மாற்றாது ஓடலாமென ஐரோப்பிய உற்பத்தியாளர் சிலர் எழுதியதுண்டு. முதியவர் 8,000 தாண்ட விடமாட்டார். கொழும்பு வெயிலில், ஊர்ந்து ஊர்ந்து போகும் காருக்கு, நாம் முதியவர் பக்கமே. தம்மிடம் வரும் கார்க்காரரிடம் அவர் முதலிற் கேட்பது, கடைசியாக எண்ணெய் மாற்றிய தேதியைத்தான். அநேகர் உடனே தொலைபேசியை எடுத்துத் தம் சாரதியைக் கூப்பிடுகிறார்கள்.