ஏற்றிக்கொள்ளாமல் போனவர்

தொகுப்புகள் மீது எனக்கு வெகுநாளாகவே ஒரு சந்தேகம் உண்டு. ஒரு ஆல்பத்துக்கென்று உள்கட்டு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து பாட்டைப் பிய்த்தெடுத்தால் பாட்டு மட்டும்தான் கைக்கு வரும். அது நின்ற இடம் வராது. இந்த அபிப்பிராயம் காரணமாகவே பிங்க் ஃப்ளாய்டின் 'எக்கோஸ்' தொகுப்பைப் பல வருஷங்கள் கேட்காமல் இருந்தேன். 2001 நவம்பரில் வந்தது அது. இரண்டு தகடுகள், 26 பாட்டுகள். 1967லிருந்து 1994 வரைக்குமான காரியம்.

கேட்க உட்கார்ந்தபோது முதலில் என் சந்தேகம்தான் ஊர்ஜிதமாயிற்று. 'எக்கோஸ்' என்ற பாட்டு 1971ல் 'மெட்டில்' இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டு 23 நிமிஷத்துக்கு மேல் ஓடுவது. தொகுப்புக்கே தன் பெயரைக் கொடுத்த அந்தப் பாட்டிலிருந்து ஏறக்குறைய 7 நிமிஷத்தை வெட்டியிருக்கிறார்கள். அந்த நீளம் அலங்காரம் அல்ல. கேட்கிறவனைக் கரையிலிருந்து மெல்ல விலக்கிக்கொண்டு போகத் தேவையான தூரம். 'ஆட்டம் ஹார்ட் மதர்' முதலான நான்கு ஆல்பங்களிலிருந்து ஒரு பாட்டுகூட இல்லை. வருஷ வரிசையும் கிடையாது. 1967ஐ அடுத்து 1979, அதையடுத்து 1971. ஒரு பாட்டு ஓயுமுன் அடுத்தது நுழைந்துவிடுகிறது. சிறுவர் கதை போன்ற விசித்திரங்களும், பணத்தைப் பற்றி ஏழு எண்ணிக்கையில் நடக்கும் பாட்டும், பள்ளிப் பிள்ளைகளின் கூட்டுக்குரலும் பக்கத்தில் பக்கத்தில்.

இரண்டாம் முறைதான் வரிசை பிடிபட்டது. முதல் பாட்டு 'அஸ்ட்ரானமி டாமினி'. கடைசிப் பாட்டு 'பைக்'. இரண்டும் 1967ல் வந்த முதல் ஆல்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் ஸிட் பாரெட் எழுதியவை.

குழுவின் ஆரம்பக் குரல் பாரெட்டுடையது. அந்த வருஷக் கடைசிக்குள் அவர் மனம் நிலைதவறியது. மேடையில் நின்றும் வாசிக்காமல் இருந்தார். 1968 ஜனவரியில் ஒருநாள் கச்சேரிக்குப் போகும் வழியில், மற்றவர்கள் அவரை ஏற்றிக்கொள்ளாமலே போனார்கள். சண்டையில்லை, அறிவிப்பில்லை. அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பவில்லை, அவ்வளவுதான். 1975 ஜூனில், அவரை நினைத்து எழுதிய நீண்ட பாட்டுக்காக அபே ரோடு ஸ்டூடியோவில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, பருத்த உடம்பும் மழித்த தலையும் புருவமுமாக ஒருவர் உள்ளே வந்து நின்றார். அவர்தான் பாரெட் என்று கூட வாசித்தவர்களுக்கே உடனே தெரியவில்லை.

தொகுப்பின் கடைசி ஐந்து பாட்டுகளைப் பாருங்கள். குழுவின் முதல் சிறுதட்டான, பாரெட்டின் 'ஆர்னால்ட் லேன்'. அவர் இல்லாமையிலிருந்து பிறந்த 'விஷ் யூ வேர் ஹியர்'. குழுவோடு அவர் கடைசியாக வெளியிட்ட 'ஜக்பேண்ட் ப்ளூஸ்'. 1994 ஆல்பத்தை மணியோசையோடு முடித்துவைத்த 'ஹை ஹோப்ஸ்'. அதற்குப் பின் 27 வருஷம் பின்னே போய், ஒரு சைக்கிளைப் பற்றிய அந்தக் கோணல் பாட்டு. அதுவும் இயந்திரச் சத்தங்களில் கலைந்து, வாத்துக் கூச்சல் போன்ற ஒரு சிரிப்பில் நின்றுவிடுகிறது. வருஷ வரிசையில் அடுக்கியிருந்தால் பாரெட் முதல் அரை மணியில் முடிந்துபோயிருப்பார். இங்கே அவர் வாசலிலும் நிற்கிறார், கொல்லையிலும் நிற்கிறார்.

இது மரியாதையா, குற்ற உணர்வுக்குப் போட்ட மாலையா? இந்தக் கேள்வி எனக்கு வேறொரு காரணத்தால் அவசரமாகிவிட்டது. நாங்கள் நடத்தி நிறுத்திய பத்திரிகையின் 11 இதழ்களைத் தொகுக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. அதை ஆரம்பித்தது நாங்கள் அல்ல, ஒரு நண்பர். பெயர் வைத்ததும் அவர்தான். மூன்றாம் இதழுக்குப் பின் அவர் கவிதைகள் சிதறத் தொடங்கின. புரியவில்லை என்று சொன்னோம். ஆசிரியர் குழு கூடும் நாளைச் சொல்லி அனுப்புவதை நிறுத்தினோம். அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

வருஷ வரிசையில் போட்டால் முப்பதாம் பக்கத்தோடு அவர் தீர்ந்தார். முதலிலும் கடைசியிலும் அவரை வைக்கலாம் என்று 'எக்கோஸ்' எனக்குச் சொல்லிக்கொடுத்தது. இரண்டு நாள் அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிறகு ஒன்று உறுத்தியது. 1967ல் பாரெட் பதிவு செய்த 'வெஜிடபிள் மேன்', 'ஸ்க்ரீம் தை லாஸ்ட் ஸ்க்ரீம்' இரண்டும் இந்தத் தொகுப்பில் இல்லை. அதிகாரபூர்வமாக அவை வெளிவந்தது 2016ல்தான். பாரெட் 2006லேயே காலமாகிவிட்டார். தொகுப்பு தந்த கௌரவம் எல்லாம், மற்றவர்களுக்குச் சங்கடம் தராத பாரெட்டுக்குத்தான்.

அவர்களிடமாவது நாடா பத்திரமாக இருந்தது. நண்பரின் கடைசிக் கவிதைகள் ஏழோ எட்டோ, நாங்கள் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டோம். உறையின் மேல் விலாசம் எழுதியது நான்.